நரிக்கும் முயலுக்கும் புல் டெரியர் வாங்க நினைப்பவர்களுக்கு

கிழக்கு இங்கிலாந்தில், சுற்றிவர பார்லியும் சீனிக்கிழங்கும் விளைகிற ஒரு கிராமத்தில் கடை வைத்திருக்கிறேன். கடைக்குள்ளேயே தபால் கந்தோரும் உண்டு. பின்னால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான வளவு. சமீபத்தில் லெஸ்டரிலிருந்து ஒரு தம்பி போன் எடுத்து, “அண்ணை, உங்களிட்டை நரி பிடிக்கிற புல் டெரியர் ஒண்டு நிக்குதாம். அதிலை குட்டி எடுக்கலாமோ?” என்று கேட்டார். அவனுக்கு நலம் அடித்தாயிற்று, குட்டிக்கு வழியில்லை என்று முதலில் சொன்னேன். பிறகு மற்றதைச் சொல்லத் தொடங்கினேன். கடையில் ஆள் வந்துவிட்டதால் பாதியில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. நம் ஆட்கள் பலர் இப்போது நகரத்தை விட்டு ஊர்ப்புறம் வந்து நிலத்தோடு வீடு வாங்குகிறார்கள். நிலம் வந்தால் கோழி வரும், கோழி வந்தால் நரி வரும், நரி வந்தால் இப்படி ஒரு நாய் வேண்டும் என்ற எண்ணம் வரும். அதனால்தான் முழுவதையும் எழுதிவிடுகிறேன். எனக்கு நடந்தபோது இதைச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

2021 தை மாதம். லொக்டவுன் காலம், கடையைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. வளவில் ஆசைக்கு வளர்த்த கோழிகள் நின்றன. ஒரு விடியக்காலை கதவைத் திறந்தால் கூடு முழுக்கச் சிறகு. நரி தூக்கிப்போனது ஒன்றையோ இரண்டையோதான். மற்றவை எல்லாம் கழுத்து முறிந்து அப்படியே கிடந்தன. தப்பி ஓட வழியில்லாத கூட்டுக்குள் நரி புகுந்தால் இப்படித்தான் நடக்கும். முடிந்த மட்டும் கொன்றுவிட்டு, ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ப் புதைத்து வைத்துப் பிறகு தின்னப் பார்க்கும். அந்த நேரம் எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. அதே நாட்களில் பக்கத்துக் கமக்காரரும் முயலால் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். வேலி ஓரத்தில் பார்லி முளைக்க முளைக்க முயல் தின்றுவிடும். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி தன் நிலத்து முயலைக் கட்டுப்படுத்துவது நிலத்துக்காரர் பொறுப்பு. “நாய் வாங்கினால் என் வயலில் தாராளமாக முயல் பிடி” என்று வாயால் சொன்னார். கடுதாசியில் எழுதித் தரவில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பிறகு சொல்கிறேன்.

நாய் வடக்கே இருந்து வந்தது. விற்றவர் சொன்ன கதை இதுதான். தாய் ஸ்டஃபோர்ட்ஷயர் புல் டெரியர் (சுருக்கமாக ஸ்டாஃபி), தகப்பன் கிரேஹவுண்ட் என்கிற ஓட்டப்பந்தய நாய். இந்தக் கலப்பை ‘புல் லர்ச்சர்’ என்பார்கள். “ஓட்டம் தகப்பனிடம், கடி தாயிடம். முயலுக்கும் ஆகும், நரிக்கும் ஆகும்.” தான் வளர்த்த நாய்கள் நரியைத் தனியாளாக முடித்த படங்களையும் காட்டினார். விலை 750 பவுண்ஸ். கொவிட் காலத்தில் குட்டி விலை ஏறிக் கிடந்தது, பேரம் பேச இடமில்லை. தாயைக் காட்டினார். தகப்பனைக் காட்டவில்லை, ‘வேறு ஊரில் நிற்கிறது’ என்றார். குட்டி வளர வளர கிரேஹவுண்டின் நீட்டம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. நெஞ்சு அகன்றது, கன்னம் பருத்தது, தலை சதுரமானது. தகப்பன் பக்கமும் பெரும்பாலும் புல் டெரியர் இரத்தம்தான் என்று இப்போது நினைக்கிறேன். வீமன் என்று பெயர் வைத்தோம். மனைவி பார்த்த முதல் நாளே, “இஞ்சாருங்கோ, உது நாயோ கண்டுக்குட்டியோ?” என்றா.

புல் டெரியர் என்றாலே வேட்டை நாய் என்று நினைக்க வைப்பது அதன் பழைய கதை. அந்தக் கதையை வடிவாகப் பார்த்தால் வேட்டை அதில் குறைவு. மாட்டைக் கட்டிவைத்து நாயை ஏவும் விளையாட்டை 1835இல் பிரிட்டனில் தடைசெய்தார்கள். அந்தக் காலத்தில் புல்டோக்கையும் டெரியரையும் கலந்து உண்டாக்கியவை இந்த நாய்களின் மூதாதைகள். அவற்றை நாய்ச்சண்டைக்கும், குழிக்குள் எலியை விட்டு எத்தனையைக் கொல்கிறது என்று பந்தயம் கட்டவும் வைத்திருந்தார்கள். வெள்ளைப் புல் டெரியரைப் பேர்மிங்ஹாமில் ஜேம்ஸ் ஹிங்க்ஸ் என்ற வியாபாரி 1860களில் உருவாக்கிக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தார். ஸ்டாஃபியை, நாய் இனங்களைப் பதிகிற கெனல் கிளப் தனி இனமாக ஏற்றது 1935இல். இந்த வரலாறு முழுக்க இரை நாயின் முன்னால் கொண்டுவந்து விடப்படுகிறது. தேட வேண்டாம், துரத்த வேண்டாம், வேலி தாண்ட வேண்டாம். கடிப்பது ஒன்றுதான் வேலை. வயலில் கடைசி இரண்டு விநாடிதான் கடிக்கு வேலை. அதற்கு முன் மூக்கும் காலும் காதும் செய்யவேண்டியது நிறைய. வன்னியில் என் பெரியப்பா பன்றிக்கும் முயலுக்கும் கூட்டிப்போனதெல்லாம் விலா எலும்பு தெரிகிற ஊர்நாய்கள். ஒன்றுகூட வீமனின் பாதி எடை வராது. ஆனால் அவை மணம் பிடிக்கும், சுற்றி வளைக்கும், பன்றி திரும்பினால் விலகும், கூப்பிட்டால் வரும்.

முயலில் இருந்து தொடங்குகிறேன். முயல் வளையை விட்டு அதிகதூரம் மேயாது. நாய் அதற்கும் வளைக்கும் நடுவில் பாய வேண்டும். நேர் ஓட்டத்தில் மணிக்கு 55 கிலோமீற்றர் போகிற விப்பெற்றே (கிரேஹவுண்ட் மாதிரியான சின்ன ஓட்ட நாய்) வேலி ஓரத்தில் பாதி முயலைத் தவறவிடும். வீமன் முப்பது கிலோ. முதல் பாய்ச்சல் நன்றாக இருக்கும். முயல் ஒடித்துத் திரும்பும்போது இவன் நேரே போய்க் கொஞ்சதூரத்தில் நிற்பான். இரண்டு ஓட்டம் ஓடினால் நாக்கு நிலத்தில் தொங்கும், மூன்றாவதுக்கு ஆள் இல்லை. தடித்த உடம்பு சூட்டை விடுவதும் மெதுவாகத்தான். ஆவணி வெயிலில் ஒருநாள் வயல் நடுவில் படுத்துவிட்டான். தண்ணீர்ப் போத்தலை முழுதாக அவன் வயிற்றிலும் தொடையிலும் ஊற்றி, தூக்க முடியாமல் தூக்கி வானுக்குக் கொண்டுவந்தேன். மூச்சு இரைக்கிற சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. பிடித்த முயல்களோ சமையலுக்கு ஆகவில்லை. விப்பெற் முயலை உயிரோடு கையில் கொண்டுவந்து தரும். இவன் கொண்டுவந்ததைத் தோலுரித்தால் விலா முழுக்க நொறுங்கி, குடல் உடைந்து, இறைச்சியெல்லாம் கறுத்திருக்கும். பாதியைக் குப்பையில் போட்டேன்.

காயம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், பணம் போவது அங்கேதான். இந்த இனங்களுக்கு மயிர் கட்டை, தோலுக்கு அதிகம் காப்பில்லை. அதோடு வலி என்றால் நிற்கிற குணமும் இல்லை. முட்கம்பியைக் கண்டாலும் வீமன் ஊடே போவான். ஒரு பின்னேரம் நெஞ்சிலிருந்து முன்காலிடுக்கு வரை கிழித்துக்கொண்டு வந்தான். வாலை ஆட்டிக்கொண்டுதான் வந்தான். கிழிந்த தோல் மடிந்து தொங்க, உள்ளே சிவப்புத் தசை அசைவது தெரிந்தது. மிருக வைத்தியரிடம் மயக்கமருந்து, தையல், வடிகுழாய் எல்லாமாக 540 பவுண்ஸ். இன்சூரன்ஸ்காரர் ஒரு கேள்விதான் கேட்டார்: “எங்கே, என்ன செய்துகொண்டிருந்தபோது?” வீட்டு நாய்க்கு எடுக்கிற பொலிசிகள் பலவற்றில் வேட்டைக்கு விட்ட நாயின் காயத்துக்குக் காசு கிடையாது. வாங்குகிற அன்றே அந்தச் சின்ன எழுத்தை வாசியுங்கள்.

இதே வேலையை எங்கள் ஊரில் எழுபது தாண்டிய ஒரு கிழவர் செய்கிறார். அவரிடம் இரண்டு ஃபெரெற் (கீரி மாதிரியான சின்ன வளர்ப்பு விலங்கு), கொஞ்சம் சுருக்குவலை, ஒரு கிழட்டு விப்பெற் பெட்டை. குளிர்காலத்தில், பற்றை உதிர்ந்து வளைவாய்கள் தெரிகிற நேரம் வருவார். பெட்டை ஒவ்வொரு வளையாக மணந்து பார்த்து, முயல் உள்ள வளையில் மட்டும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். கிழவர் சத்தமில்லாமல் வாய்க்கு வாய் வலையைக் கட்டி, ஃபெரெற்றை உள்ளே விடுவார். முயல் வெளியே பாய்ந்து வலைக்குள் சுருளும். வலையில் படாமல் தப்பியதை மட்டும் நாய் பிடிக்கும். ஒரு முற்பகலில் அவர் எடுத்த முயல் நான் ஒரு பருவம் முழுக்கப் பிடித்ததைவிடக் கூட. வீமனை ஒருமுறை கூட்டிப்போனபோது, அவன் ஃபெரெற்றைப் பார்த்த பார்வையைக் கண்டு, “அவனை வானிலேயே பூட்டிவை” என்றார் கிழவர். அதுதான் சரி. புல் இரத்தம் கூடின நாய்க்கு எதைக் கொல்லலாம், எதைக் கூடாது என்று பழக்குவது லேசில்லை. குட்டியிலிருந்தே ஃபெரெற், கோழி, ஆடு எல்லாவற்றோடும் பழக்காவிட்டால் பிறகு நம்ப முடியாது. செம்மறி உள்ள வயலில் நாய் ஆட்டைத் துரத்தினால் 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வேறு வழியில்லாத நிலையில் ஆட்டுக்காரர் உங்கள் நாயைச் சுட்டுவிட்டாலும் சட்டம் அவர் பக்கம் நிற்கும்.

இனி நரி. விற்றவர் காட்டிய படங்களைப்பற்றி எனக்கு விளக்கம் தந்தவர் ஓய்வுபெற்ற ஒரு கேம்கீப்பர் (வேட்டைப் பறவைகளைப் பராமரிக்கிற வேலைக்காரர்), கடைக்குப் பேப்பர் வாங்க வருகிறவர். “அந்தப் படங்களை உன் போனில் வைத்திராதே, அழி” என்றுதான் தொடங்கினார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம் 2005 மாசியில் நடைமுறைக்கு வந்தது. அதன்பிறகு நாயை ஏவி நரியைக் கொல்வது குற்றம். முயலுக்கும் எலிக்கும் விலக்கு உண்டு, நிலத்துக்காரர் சம்மதம் இருந்தால் போதும். நரிக்கு உள்ள விலக்கு குறுகியது. கோழிக்கும் கால்நடைக்கும் பெரிய சேதம் வராமல் தடுக்க, இரண்டு நாய்க்கு மேற்படாமல் வைத்து நரியைப் பற்றைக்கு வெளியே கிளப்பலாம். கிளப்பியதும் துவக்குக்காரர் சுட வேண்டும். நாய் பிடிக்கக் கூடாது. நிலம் உங்களுடையதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிலத்துக்காரரின் அனுமதி இருக்க வேண்டும். வளைக்குள் ஒரு நாயை இறக்கலாம் என்று இன்னொரு விலக்கும் உண்டு. அது சுடுவதற்காக வளர்க்கும் ஃபெசன்ற் போன்ற பறவைகளைக் காக்க மட்டும். என் கோழிக்கும் உங்கள் கோழிக்கும் அது பொருந்தாது. பிடிபட்டால் தண்டப்பணத்துக்கு உச்சவரம்பு இல்லை, நாயையும் வாகனத்தையும் நீதிமன்றம் பறிக்கலாம். ஸ்கொட்லாந்தில் இன்னும் இறுக்கம். அங்கே 2023இல் வந்த சட்டம் முயலையும் சேர்த்துவிட்டது.

அதாவது, பிடித்து முடிக்கும் நாய் என்று சொல்லி விற்கப்பட்ட நாயை, பிடிக்காமல் கிளப்புவதற்கு மட்டும்தான் பயன்படுத்தலாம். அந்த வேலைக்கு வாய் பெரிதாக இருக்கத் தேவையே இல்லை. வளைக்குள் போகவும் இந்த உடம்பு உதவாது. பெரிய நரிகூட ஏழெட்டுக் கிலோதான், உடம்பு ஒடுங்கினது. அதன் பின்னால் போகிற டெரியரின் நெஞ்சை இரண்டு கையால் சுற்றிப் பிடிக்க முடியவேண்டும் என்பது பழைய ஆட்கள் கணக்கு. போர்டர், லேக்லண்ட், பற்றர்டேல் டெரியர்கள் எல்லாம் அந்த அளவு. தூய ஸ்டாஃபி ஆண் நாயே பதின்மூன்றிலிருந்து பதினேழு கிலோ வரை. அது உள்ளே போனால் இறுகிவிடும், தோண்டித்தான் எடுக்க வேண்டும். தோண்டுவது பாஜரின் வளையாக இருந்துவிட்டால் கதை வேறு. கறுப்பு வெள்ளைக் கோட்டு முகமுள்ள அந்த விலங்கையும் அதன் வளையையும் 1992ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது, சிறை வரை போகலாம். நரியும் பாஜரும் ஒரே வளைத் தொகுதியில் இருப்பது இங்கே சாதாரணம். வளைவாய்க்குக் கிட்ட வீமனைக் கயிறு இல்லாமல் நான் விட்டதே இல்லை.

அப்படியிருந்தும் வீமனும் நரியும் சந்தித்தார்கள், என் வளவுக்குள்ளேயே. 2022 கடைசியில் ஒரு சாமம், கோழிகள் கத்த, கதவைத் திறந்ததும் என்னைத் தள்ளிக்கொண்டு இவன் ஓடினான். ரோச் லைற்றோடு நான் போய்ச் சேர முன்னமே இரண்டும் கூட்டு மூலையில் ஒன்றாய்க் கிடந்தன. வீமன் ஒரு சத்தமும் போடவில்லை. புல் டெரியர்கள் பிடித்தால் வாயைத் திறக்கா, குரைக்கவும் மாட்டா. நரி இவன் மூக்கை ஊசிப்பல்லால் ஊடறுத்துப் பிடித்திருந்தது. பிரித்தெடுக்க எனக்குத் தெரியவில்லை. பெயரைச் சொல்லிக் கத்தினேன், கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்தேன். அவன் காது என் சத்தத்துக்கு அசையவே இல்லை. என் நாய்க்கே நான் பயந்தது அன்றுதான். நரி செத்தபிறகும் அவன் விட நேரமெடுத்தது. மூக்கு சீழ் கட்டி முகம் இரண்டு மடங்கு வீங்கியது. அது ஆற, சுமார் மூன்று கிழமையில் காதோரமும் முழங்கையும் மயிர் உதிர்ந்து, இரவு முழுக்கச் சொறியத் தொடங்கினான். நரிச்சொறி. நரியின் தோலில் உள்ள சிற்றுண்ணி நாய்க்கு ஏறிவிடும், அங்கிருந்து மனிதருக்கும் வரும். எனக்கும் மனைவிக்கும் கையிலும் இடுப்பிலும் சிவந்து தடித்தது. கல்லாவில் நின்று சொறிந்தால் சனம் என்ன நினைக்கும்? முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு காசு எண்ணினேன். மருந்தும் வைத்தியர் செலவும் படுக்கை எல்லாம் மாற்றியதும் சேர்த்து 700 பவுண்ஸ் வரை. நாய் நரியோடு முட்டினால் அன்றே வைத்தியரிடம் போய் உண்ணிக்கும் குடற்புழுவுக்கும் நுரையீரல் புழுவுக்கும் மருந்து கேளுங்கள். சொறி வெளியே தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். நரியைக் கையுறை இல்லாமல் தொடவேண்டாம்.

இவ்வளவும் பணத்தோடு போனது. 2023 கார்த்திகையில் வந்ததுதான் என்னை உலுப்பியது. அந்த மாதங்களில் எக்ஸ்எல் புல்லி என்கிற பெரிய உடம்பு நாய்களைத் தடைசெய்யப்போகிறார்கள் என்று எல்லா இடமும் ஒரே பேச்சு. அறுவடை முடிந்த வயல்களில் ஹெயர் என்கிற நீண்டகால் பெருமுயலை நாய் விட்டுத் துரத்திப் பந்தயம் கட்டுகிற கூட்டம் இந்தப் பக்கம் அதிகம். 2022 ஆவணியில் அதற்கான தண்டனையைக் கூட்டினார்கள். அந்த எண்ணத்தோடு அத்துமீறி நாயோடு நின்றாலே பிடிக்கலாம், நாயைப் பிடித்து வைத்திருந்த கெனல் செலவையும் அறவிடலாம். ஆகவே இரவில் வான், ரோச் லைற், பெரிய தலை நாய் என்று கண்டால் பொலிஸ் நிறுத்தும். அதோடு எங்கள் நிறமும். அந்த ஊரில் இரவு வயலில் நிற்கிற ஒரே தமிழன் நான்தான். கமக்காரரின் வயலில் முயல் பார்த்துவிட்டு ஒழுங்கையால் வரும்போது மறித்தார்கள். அனுமதி இருக்கிறதா என்றார்கள். இருக்கிறது, வாயால் சொன்னது. அவருக்குப் போன் எடுக்க, அந்த நேரம் அவர் எடுக்கவில்லை. பிறகு ஒருவர் வீமனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இது தடைசெய்யப்பட்ட பிற் புல் வகை மாதிரி இருக்கிறது” என்றார். ஹெயர் விஷயம் மறுநாளே தீர்ந்தது, கமக்காரர் பேசினார். நாய் விஷயம் தீரவில்லை. அன்றிரவே கொண்டுபோனார்கள்.

1991ஆம் ஆண்டு ஆபத்தான நாய்கள் சட்டம் தாய் தகப்பனைப் பார்ப்பதில்லை. உருவத்தையும் அளவையும் பார்க்கிறது. நெஞ்சு, மண்டை, வால், கால் எல்லாம் சேர்த்துப் பிற் புல்லின் சாயல் பெரும்பாலும் இருந்தால் போதும். வழக்கு வந்தால் ‘இது அந்த வகை இல்லை’ என்று நிறுவ வேண்டியது நாய்க்காரர். ஸ்டாஃபியும் புல் டெரியரும் மினியேச்சர் புல் டெரியரும் தடையில் இல்லை. அவற்றை வேறொன்றோடு கலந்து, கால் நீண்டு தலை பெருத்த நாயை உண்டாக்கினால் அது தடையின் வாசலில் போய் நிற்கிறது. புல் லர்ச்சர் விற்பவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை.

சில நாள் கழித்து ஒருவர் கடைக்கு வந்து ஒரு படிவத்தைத் தந்தார். கையெழுத்திட்டால் வழக்கு இல்லை, பிரச்சினை முடியும் என்றார் நல்ல குரலில். மனைவி அப்போது கனடாவில், அக்காவின் ஒப்பரேஷனுக்குத் துணையாக. கடையில் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், எல்லாரும் பார்க்கிறார்கள். போட்டுவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஏனோ, வாசித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லி வாங்கி வைத்தேன். அது நாயின் உரிமையை விட்டுக்கொடுக்கும் படிவம். கையெழுத்துப் போட்டால் நாயைக் கொல்லலாம். தயவுசெய்து இதை மட்டும் நினைவில் வையுங்கள்: நாயைப் பிடித்துப் போனால் சொலிசிற்றர் பார்க்காமல் ஒரு கடுதாசியிலும் கையெழுத்து வைக்கவேண்டாம். விசாரணைக்குக் கூப்பிட்டால், கைது இல்லை, சும்மா வந்து பேசுங்கள் என்று சொன்னாலும், இலவச சொலிசிற்றரைக் கேட்கும் உரிமை உண்டு. எனக்கு அது தெரிந்தபோது முதல் விசாரணை முடிந்துவிட்டிருந்தது.

பங்குனி வரை நாய் வரவில்லை. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சொல்லவில்லை, பார்க்க விடவில்லை. கடையில் சிலர் அனுதாபமாகக் கேட்டார்கள், சிலர் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அவசரமாகப் போனார்கள். இரவில் நித்திரை இல்லை. மனைவியிடம் போனில் வீமன் நன்றாக நிற்கிறான் என்று பொய் சொன்னேன். நாய்ச் சட்டத்தில் பழக்கமுள்ள சொலிசிற்றர் ஒருவரும், நாயை அளந்து அறிக்கை தரும் தனி நிபுணர் ஒருவரும் சேர்ந்து 2,800 பவுண்ஸ் முடிந்தது. உதவியது என்ன தெரியுமா? குட்டியில் மைக்ரோசிப் பதிந்தபோது வைத்தியர் ‘ஸ்டாஃபி கலப்பு’ என்று எழுதியது, தாயோடு குட்டி நிற்கும் படம், ஒவ்வொரு வயதிலும் எடுத்த படங்கள், ஒருவரையும் கடித்ததில்லை என்று வைத்தியர் தந்த கடிதம். பொலிஸ் தரப்பில் அளந்தவரும் கடைசியில் ‘அந்த வகை இல்லை’ என்றே எழுதினார். வழக்கு இல்லை என்று இரண்டு வரிக் கடிதம் வந்தது. வீமன் ஆறு கிலோ மெலிந்து, முழங்கையில் புண்ணோடு, சீமெந்து நிலத்தில் படுத்த காய்ப்போடு வந்தான். கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் ஒண்ணுக்குப் போய்விடுவான். அது மாற ஒரு வருடம் எடுத்தது.

புல் இரத்தம் உள்ள நாயை வயலுக்குக் கொண்டுபோகிறவர்கள் நிலத்துக்காரரிடம் திகதியும் வரைபடமும் போட்ட எழுத்து அனுமதி வாங்கி வானிலேயே வைத்திருங்கள். எத்தனை மணிக்கு எந்த வயலில் நிற்பேன் என்று அவருக்கு முதலே செய்தி அனுப்புங்கள். மூன்றாம் ஆளுக்குக் காயம் வந்தால் காசு கொடுக்கும் இன்சூரன்ஸ் எடுங்கள். தாய் தகப்பன் இரண்டையும் கண்ணால் பார்க்காமல் கலப்புக் குட்டி வாங்காதீர்கள். ஆண் நாய் தோளுயரம் 51 சென்ரிமீற்றரும் பெண் 48ம் எட்டினால் எக்ஸ்எல் புல்லி அளவு கணக்கில் வந்துவிடும். 2024 மாசி முதல் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். புல் டெரியரே வேண்டும் என்றால் பத்திரமுள்ள தூய ஸ்டாஃபியோ புல் டெரியரோ வாங்கி வீட்டில் வளருங்கள், அருமையான நாய்கள். வெள்ளைப் புல் டெரியர் என்றால் காது கேட்குமா என்று சோதித்த சான்று கேளுங்கள், அந்த நிறத்தில் செவிட்டுக் குட்டிகள் அதிகம்.

வீமனுக்கு ஏற்ற வேலை ஒன்று கிடைத்தது, எலி. கோழித் தீன் வைக்கிற கொட்டிலுக்குள் எலி ஓடினால் அவன் ஒரு கடி, ஒரு உதறல், அடுத்தது. சட்டத்திலும் எலிக்குத் தடையில்லை. முயலுக்குக் கிழவரைக் கூப்பிடுகிறோம். நரியை, கமக்காரரின் மகன் உரிய அனுமதிப்பத்திரமுள்ள றைபிளால் வருடத்தில் ஓரிரண்டு சுடுகிறான். கோழியைக் காப்பாற்றியது அதுவும் இல்லை, மின்வலைதான். பற்றரியோடு 230 பவுண்ஸ் முடிந்தது. வலை இடுப்பளவு உயரம்தான், நரி நினைத்தால் தாண்டலாம். ஆனால் புதிதாக எதைக் கண்டாலும் அது முதலில் மூக்கைத்தான் வைக்கும், ஈர மூக்கில் ஒருமுறை அடித்தால் பிறகு கிட்ட வராது. வலையின் அடிக் கம்பியில் புல் முட்டினால் மின்சாரம் நிலத்துக்குள் இறங்கி வலை செத்துவிடும். அதனால் கோடையில் கிழமைக்கு ஒருமுறை அடியில் புல் வெட்ட வேண்டும், பற்றரியை மழைக்கு மூடிவைக்க வேண்டும். கூட்டுக் கதவைப் பொழுதுபட முன்னம் சாத்த மறக்கிற ஆள் என்றால் தானாகச் சாத்துகிற கதவு ஒன்றும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.